சந்தை மதிப்பு இல்லாத பழைய பொருள்

தங்கையிடமிருந்து பார்சல் வந்தது. இரண்டு வருடமாக என்னோடு பேசாத தங்கை, வெளிநாட்டிலிருந்து, அதே குண்டு குண்டான எழுத்தில் என் பெயரை எழுதி, செருப்புப் பெட்டி அளவில் ஒன்றை அனுப்பியிருந்தாள். மூளை உள்ள எவனும் அதை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோயிருப்பான். நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

காரணம், பார்சலோடு வந்த சீட்டு. அதில் மூன்று வரிகள் இருந்தன. முதலாவது சுங்கத் தீர்வை. இரண்டாவது, அந்தத் தீர்வையின் மேல் இன்னொரு வரி. இந்த இரண்டும் அரசாங்கம் போடுவது. வெயிலைத் திட்டுவது போலத் திட்டிவிட்டுக் கட்ட வேண்டியதுதான். மூன்றாவதில்தான் என் கண் நின்றது. கையாளும் கட்டணம். அது தீர்வையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

டெலிவரிக்காரர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அனுப்பும்போதே கூலி வாங்கிவிட்டீர்கள், இப்போது எதைக் கையாண்டதற்கு இந்தக் காசு என்று அவரிடம் கேட்டேன். அவர் நேர்மையாக யோசித்தார். லிஃப்ட் ஓடவில்லை, நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்தேன், ஒருவேளை அதற்காக இருக்கலாம் என்றார். அப்படியானால் அந்தப் பணம் உங்களுக்கு வருமா என்று கேட்டேன். வராது என்றார். பார்த்தீர்களா என்றேன். எதைப் பார்க்கச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. இப்போது யோசித்தால் எனக்கும் புரியவில்லை.

அவர் கையில் பார்சல், என் கையில் சீட்டு, சட்டைப் பையில் பர்ஸ். இருவரும் கைமாற்றிக்கொண்டால் விஷயம் முடிந்தது. நான் சீட்டை அவரிடமே நீட்டி, இந்தக் கட்டணத்தை எதிர்த்து முறையிடப் போகிறேன், அதுவரை பார்சல் உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இறங்கினார். தங்கையின் கையெழுத்து படிப்படியாகக் கீழே போவதைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு ஹோட்டலின் கொள்முதல் பிரிவில் வேலை. காய்கறிக்காரர், மீன்காரர், சலவைக்காரர் அனுப்பும் பில்களைச் சரிபார்ப்பவன் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, விளங்காத வரியைச் சிவப்பில் அடிப்பேன். ஐஸ் தனி, ஐஸ் இறக்கிய கூலி தனி என்று போட்ட மீன்காரர் என்னைப் பார்க்க நேரில் வந்தே அழுதிருக்கிறார். ஆபீஸில் எனக்குப் பெயர் 'கத்தரி'. அதைப் பாராட்டு என்று நினைத்துப் பல வருடம் ஓட்டிவிட்டேன்.

வேலையை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. சாப்பிடப் போன இடத்தில் பில் வந்தால் நான் கண்ணாடியைத் துடைப்பேன். நான் கண்ணாடியைத் துடைத்தால் என் மனைவி எழுந்து கை கழுவப் போவாள். சினிமா டிக்கெட்டில் 'வசதிக் கட்டணம்' என்று போட்டிருந்ததற்கு, யாருடைய வசதி என்று கேட்டு இடைவேளை வரை வெளியில் நின்றிருக்கிறேன். படம் நன்றாக இருந்ததாக அவள் சொன்னாள்.

பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்ப்பவள் அவள். நாளெல்லாம் வாய் திறக்க மறுப்பவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வீட்டில் வாய் மூட மறுப்பவனோடு குடித்தனம். அன்று மாலை பார்சல் விஷயத்தைச் சொன்னதும், தோள் பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு அவளே கையை நீட்டுறா. நீங்க அந்தக் கைக்கு பில் கேக்குறீங்க" என்றாள்.

கட்டணம் கேட்டது தங்கை அல்ல, கூரியர்காரன் என்று விளக்கினேன். அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டன.

தங்கையோடு மனஸ்தாபம் வந்தது அம்மா போனபோது. அம்மா தங்கையோடுதான் இருந்தாள், அங்கேயேதான் போனாள். எனக்கு விசா கிடைத்து, டிக்கெட் கிடைத்துக் கிளம்புவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாள் காத்திருக்கக் கூடாதா என்று போனில் கேட்டேன். நீ இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது வந்து பார்த்தாயா என்று அவள் கேட்டாள். அதோடு இரண்டு பேரும் போனை வைத்தோம். வைத்தது வைத்ததுதான்.

கூரியரோடு சண்டை போடாமல், தங்கையைக் கூப்பிட்டு 'உன் பார்சல் வந்திருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றி அம்மாவின் கடைசி நாட்களுக்குத்தான் வரும். அம்மா என்னைக் கேட்டாளா என்று நான் கேட்க வேண்டிவரும். கேட்டாள் என்றாலும் என்னால் தாங்க முடியாது, கேட்கவில்லை என்றாலும் தாங்க முடியாது. அதனால் முதலில் நியாயமான தொகைக்குப் பார்சலை மீட்பது, பிறகு பிரித்துப் பார்ப்பது, பிறகு நன்றி சொல்லும் சாக்கில் கூப்பிடுவது என்று ஒரு திட்டம் போட்டேன். ஒரு போன் செய்யப் பயந்தவன் போட்ட திட்டம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கூரியர் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை மனப்பாடமாகவே கூப்பிட ஆரம்பித்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும். அவ்வளவு முக்கியமானவனை அவ்வளவு நேரம் யாரும் காக்க வைத்ததில்லை. அதற்குள் ஒரு புல்லாங்குழல் வேறு, பாதியில் அறுந்து அறுந்து மறுபடி முதலிலிருந்து வாசிக்கும். குளிக்கும்போதுகூட அந்த மெட்டை நான் முணுமுணுப்பதாக மனைவி புகார் சொன்னாள்.

ஒருவழியாகக் கிடைத்த பெண் ஜலதோஷக் குரலில் பொறுமையாக விளக்கினாள். பார்சல் எல்லைக்குள் வந்ததும் கம்பெனியே சுங்கத்தில் தீர்வையைக் கட்டி அதை வெளியே எடுக்கிறதாம். எனக்காக முன்பணம் போட்டு, எனக்காகத் தாள்கள் எழுதி, எனக்காக வரிசையில் நிற்கிறதாம். அந்த உபகாரத்துக்குத்தான் கட்டணம். இந்த உபகாரத்தை நான் கேட்டேனா என்றேன். கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். கேட்காத உதவிக்குக் கூலி உண்டா, நான் உங்களோடு ஒப்பந்தம் போட்டேனா, ஒப்பந்தம் அனுப்பியவரோடுதானே என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். நடுவில் அவள் இரண்டு முறை தும்மினாள். அதைக்கூட என் வாதத்துக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

ஆளை விட்டால் போதும் என்று நினைத்தாளோ என்னவோ, கடைசியில் ஒரு வழி சொன்னாள். தீர்வையும் சரி, கையாளும் கட்டணமும் சரி, அனுப்பியவர் எழுதித் தந்த பொருளின் மதிப்பை வைத்துத்தான் போடுகிறார்கள். மதிப்பு தவறு என்று நான் விண்ணப்பித்து, அது சரிதான் என்று ஆனால், எல்லாமே குறையும். மதிப்பு ஒரு அளவுக்குக் கீழே போனால் கட்டணமே கிடையாது.

தங்கை என்ன மதிப்பு போட்டிருக்கிறாள் என்று கேட்டேன். சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஒரு ஃப்ரிட்ஜின் விலை. பொருள் விவரம் என்ற இடத்தில் 'உபயோகித்த வீட்டுப் பொருள்' என்று மட்டும் எழுதியிருக்கிறாளாம். செருப்புப் பெட்டி அளவுள்ள பழைய வீட்டுப் பொருளுக்கு ஃப்ரிட்ஜ் விலை. கை தவறிச் சைபர்களைக் கூடுதலாகப் போட்டிருப்பாள் என்று முடிவு கட்டினேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கணக்கு ஆகாது. அவளுடைய கணக்குப் பரீட்சைத் தாளை அம்மாவுக்குக் காட்டாமல் ஒளித்து வைத்தவனே நான்தான். தங்கை செய்த தப்பை அண்ணன் திருத்துகிறேன் என்று ஒரு பாசம்கூடப் பொங்கியது.

அன்றிரவே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். என் எழுத்து வாழ்க்கையின் சிகரம் அது. மூன்று பக்கம். அதன் இதயம் இரண்டாம் பத்தியில் இருந்தது: 'பெட்டியில் உள்ளது உபயோகித்து முடிந்த, சந்தை மதிப்பு ஏதுமில்லாத பழைய பொருள். அனுப்பியவர் கவனக்குறைவாலோ உணர்ச்சிவசப்பட்டோ பொருத்தமற்ற விலையைக் குறித்துள்ளார். இத்தகைய பொருளைப் புதிதாக யாரும் விலை கொடுத்து வாங்கமாட்டார்கள் என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.'

மனைவியைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது, ஆனால் அது தேவையில்லை, பழைய பொருள் என்று அவளே எழுதியிருக்கிறாள் என்றேன். போன் போட்டு என்னவென்று கேட்டுவிட்டு எழுதினால் என்ன என்றாள். அனுப்பிய பரிசின் விலையைக் கேட்பது நாகரிகம் இல்லை என்றேன். நாகரிகத்தைப் பற்றி நான் பேசியதைக் கேட்டு அவள் ஒரு சட்டையை மூன்று முறை மடித்தாள்.

ஆபீஸில் என் போராட்டம் பிரசித்தமாகிவிட்டது. பக்கத்து மேசை ஸ்டோர்கீப்பர் தினமும் வந்ததும், கேஸ் எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். அவருக்கும் எப்போதோ ஒரு வெளிநாட்டுக் கைக்கடிகாரத்துக்குக் கையாளும் கட்டணம் கட்டிய காயம் இருந்தது. எனக்கு நீதி கிடைத்தால் தனக்கும் பழைய கணக்கு தீரும் என்று அவர் நம்பினார். டீ அவர் செலவில் வந்தது. நான் கூரியர்காரனிடம் கேட்ட கேள்விகளை அவரிடம் மறுபடி கேட்டுக் காட்டுவேன், அவர் கூரியர்காரன் மாதிரி திணறுவார்.

பதில் வந்ததும் ஆபீஸில்தான். மீன்காரர் பில்லை நடுவில் நிறுத்திவிட்டு மெயிலைத் திறந்தேன். ஸ்டோர்கீப்பர் நாற்காலியோடு உருண்டு பக்கத்தில் வந்துவிட்டார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, மதிப்பு திருத்தப்பட்டது, தீர்வை இல்லை, கையாளும் கட்டணம் இல்லை, இத்தனை நாள் கிடங்கில் வைத்திருந்ததற்கான சேமிப்புக் கட்டணமும் தள்ளுபடி, பார்சல் நாளை வீடு வந்து சேரும். ஸ்டோர்கீப்பர் மேசையைத் தட்டினார்.

"சார், ஒரு பைசா இல்லாம அடிச்சுட்டீங்க" என்றார். டீ சொல்ல எழுந்து போனார்.

நான் அடுத்த பத்திக்குப் போனேன். 'நடைமுறைப்படி, மதிப்பைத் திருத்தக் கோரும் தங்கள் விண்ணப்பம் முழுமையாக அனுப்பியவரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது. அவருடைய பதில் இணைக்கப்பட்டுள்ளது.'

முழுமையாக. மூன்று பக்கமும். மதிப்பைக் குறித்தவர் ஒப்புக்கொள்ளாமல் மதிப்பை மாற்ற முடியாதுதான். எந்தக் கம்பெனியிலும் அப்படித்தான் செய்வார்கள். எங்கள் ஹோட்டலில் நானே அப்படித்தான் செய்கிறேன். மீன்காரர் பில்லில் அடித்தால் மீன்காரருக்குத்தான் அனுப்புகிறேன். பில் சரிபார்ப்பதில் புலி என்று பெயர் வாங்கியவனுக்கு அது மட்டும் தோன்றவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் காசு மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

இணைப்பைத் திறந்தேன். படிவத்தில் பொருளின் சரியான விவரம் கேட்டிருந்தார்கள். தங்கை நிரப்பியிருந்தாள்.

'தையல் கத்தரிக்கோல். ஒன்று. அம்மாவுடையது. பெறுபவர் சொல்வது சரி. மதிப்பு ஏதுமில்லை.'

மதிப்பு என்ற கட்டத்தில் ஒரு சைபர். கூடுதல் சைபர் போடுகிறவள் என்று சொன்னேன் அல்லவா, அதே கையால் ஒரே ஒரு சைபர்.

அம்மா தையற்காரி. அப்பா இல்லாத வீட்டில் அந்தக் கத்தரிக்கோல்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தது. நல்ல கனம், கறுப்புக் கைப்பிடி. அம்மாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று பளபளக்கும். அதை வைத்துக் காகிதம் வெட்டினால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவர் முதுகுக்கும் தெரியும். தைத்த துணியை வாங்க வருபவர்கள் வாசலில் நின்று, தையல் கூலி சரி, காஜா எடுக்க எதற்குத் தனிக் காசு, ஓரம் அடிக்க எதற்குத் தனிக் காசு என்று கேட்பார்கள். அம்மா அந்த வரியைக் குறைத்துவிடுவாள். ராத்திரி முழுக்கக் கண் எரிய அவள் காஜா எடுத்ததைப் பார்த்திருந்த எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வரும். வளர்ந்ததும் இவர்களை எல்லாம் ஒரு கை பார்க்க வேண்டும் என்று நினைப்பேன்.

வளர்ந்தேன். அவர்களில் ஒருவனாக ஆகியிருந்தேன். யாரோ ஒருத்தர் வரிசையில் நின்று தாள் எழுதியதற்கு எதற்குக் காசு என்று மூன்று பக்கம் எழுதியவன், அம்மாவின் கத்தரிக்கோலுக்கும் சேர்த்து விலை அடித்துவிட்டான்.

ஸ்டோர்கீப்பர் டீயோடு வந்து என் முகத்தைப் பார்த்தார். சந்தோஷம் தாங்கவில்லையா என்று கேட்டார். நான் மொட்டை மாடிக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன், அடித்த பாதியில் அறுந்தது. அதற்குப் பிறகு மணிகூட அடிக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நின்றது. இத்தனை நாள் நான் கூப்பிடப் பயந்தேன். இப்போது கூப்பிட்டாலும் எடுப்பதற்கு ஆள் இல்லை. அவள் இனிமேல் பேசவே மாட்டாள் என்று முதல் முறையாக நினைத்தேன்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு கூரியர் கிடங்குக்கு ஓடினேன். அந்தச் சைபரோடு பார்சல் என் வீட்டுக்குள் வரக் கூடாது. அவ்வளவுதான் அப்போது மனதில் இருந்தது.

பாதி இறக்கிய ஷட்டர், அதற்குள் ஒரு கவுண்டர், எடை மேடை, பழுப்பு டேப்பின் வாசனை. கவுண்டரில் இருந்த பெண் பேனா மூடியைக் கடித்தபடி திரையைப் பார்த்தாள். கட்ட வேண்டியது எதுவும் இல்லை, நாளைக்கு வீட்டுக்கே வந்துவிடும் என்றாள். இல்லை, நான் கட்ட வேண்டும் என்றேன். அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். சைபர் என்று காட்டுகிறது என்றாள். அந்தச் சைபரை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன்.

தன் காதையே நம்பாமல் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். தீர்வை, அதன் மேல் வரி, கையாளும் கட்டணம், சேமிப்புக் கட்டணம், எல்லாவற்றையும் முதலில் போட்டபடியே போடுங்கள் என்று கேட்டேன். தள்ளுபடி ஆன கட்டணத்தைத் திரும்பப் போட சிஸ்டத்தில் வழி இல்லை என்றாள். வழி இல்லாத சிஸ்டத்தை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று குரலை உயர்த்தினேன். ஒரு கட்டணத்தை ரத்து செய்ய எவ்வளவு வாதாடினேனோ அதே வாதங்களை அப்படியே கவிழ்த்துப் போட்டு வாதாடினேன். எனக்காக முன்பணம் போட்டீர்களா இல்லையா, வரிசையில் நின்றீர்களா இல்லையா, அப்புறம் கூலி வாங்க உங்களுக்கு என்ன கஷ்டம் என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், சாருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால் என் பார்சலுக்கும் சேர்த்துக் கட்டட்டும் என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

கடைசியில் அவள் இறங்கி வந்தாள். மதிப்பை ஏற்ற வேண்டுமென்றால் அதற்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றாள். அதை இழுத்துச் சொன்னாள், ஒரு சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல.

"ஆனா சார், அதுவும் அனுப்புனவங்களுக்குத்தான் போகும். அவங்க ஒத்துக்கிட்டாதான் மாத்த முடியும்."

"முழுசா போகுமா?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதுறது அப்படியே போகும்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று பக்கத்தை ஒரே மூச்சில் எழுதியவனுக்கு அன்று ஒரு வரி நகரவில்லை. அவளுக்கு நேராக எழுத முடியாது, படிவம் கம்பெனிக்கானது. எனக்கும் தெரிந்த பாஷை விண்ணப்ப பாஷை ஒன்றுதான். அதிலேயே எழுதினேன்.

'ஐயா, மதிப்பு குறித்து நான் முன்பு எழுதியது முழுத் தவறு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், தெரிந்துகொள்ளவும் முயலாமல் எழுதினேன். அது எங்கள் அம்மாவின் கத்தரிக்கோல். அனுப்பியவர் முதலில் குறித்த விலையே சரி. எங்கள் அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொண்டவரும் இதை அனுப்பியவர்தான். அவர் தனியாகச் செய்த அத்தனை வேலைக்கும் நான் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை, ஏன் காத்திருக்கவில்லை என்று கேள்வி மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அனைத்துக் கட்டணங்களையும் செலுத்தத் தயாராக உள்ளேன். தயவுசெய்து அனுப்பியவரின் ஒப்புதலைப் பெற்றுத் தரவும்.'

கவுண்டர் பெண் அதை வாங்கிப் படித்தாள். காரணம் எழுத திரையில் சின்னக் கட்டம்தான் இருக்கிறது, இவ்வளவும் கொள்ளாது என்றாள். சுருக்கச் சொல்வாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் பின்னால் திரும்பித் தாளை ஸ்கேனரில் வைத்தாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

பிறகு காத்திருப்பு. பார்சல் கிடங்கில் கிடந்தது, சேமிப்புக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கட்டணம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நடந்ததை எல்லாம் மனைவியிடம் சொன்னேன். அப்போதே சொன்னேனே என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது. சொல்லவில்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அது எனக்குத் திட்டு வாங்கியதைவிட வலித்தது.

ஒரு மதிய வேளையில் ஆபீஸில் போன் அடித்தது. திரையில் தங்கையின் பெயர். எடுக்க இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் எழுந்து நின்றுதான் எடுத்தேன்.

"அண்ணா" என்றாள்.

"சொல்லும்மா."

"கூரியர்லேர்ந்து பேப்பர் வந்திருக்கு. விலையை ஏத்தச் சொல்லி நீ கேட்டியாம்."

"ஆமா."

"ஹேண்ட்லிங் சார்ஜோடவா?"

"அதோடதான்."

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாண்ணா?" என்றாள்.

சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் ஒழுகியது. நான் எழுதியதை எல்லாம் படித்தாயா என்று கேட்டேன். படித்தேன், 'ஐயா' என்று ஆரம்பித்திருந்தாயே என்றாள். இப்போது நான் என்ன விலை போடட்டும் என்று கேட்டாள். நீ என்ன போட்டாலும் சரி, கேள்வி கேட்க மாட்டேன் என்றேன். அவள் ஒரு தொகை சொன்னாள். முதலில் போட்டதைவிட அது அதிகம். வாய் வரை வந்துவிட்டதை விழுங்கிவிட்டு, சரிம்மா என்றேன்.

அவள் அழத் தொடங்கியது மூச்சில் தெரிந்தது. தனியாகவே எல்லாம் செய்தேன், யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை என்றாள். எனக்குத் தெரியும், என்னை மன்னித்துக்கொள் என்றேன். இதை நான் வாய்விட்டுச் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு, பயந்து பயந்து, இரண்டு வருடமாக ஒளித்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"தினமும் கேட்டாங்க" என்றாள். "அவனை வரச் சொல்லு, அவனைப் பாக்கணும்னுதான் சொன்னாங்க. ஆனா ஒண்ணு சொன்னாங்கண்ணா. அதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நான் வாயைத் திறக்கல."

"சொல்லு."

"நான் போனப்புறம் அவனுக்காக என்னைப் போட்டு வச்சுக்கிட்டுக் காத்திருக்காதே. அவன் டிக்கெட் கவுண்டர்ல நின்னு, இந்த சார்ஜ் எதுக்கு, அந்த சார்ஜ் எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். பிளேன் போயிடும்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்கண்ணா. உன்னைப் பத்திப் பேசினாலே சிரிப்பாங்க."

பில்கள் பரப்பிய மேசையின் முன் நான் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டோர்கீப்பர் தலையைத் திருப்பிக்கொண்டார். அம்மா சொன்னதை மறுத்து எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை.